விளக்கு நம் வீட்டிலே. விசை எவர் கையிலே?

"அறிவுள்ள மின்சாரம் வருகிறது, வழிவிடுங்கள்!" என்று 2021 ஜூன் திங்களில் டில்லியில் முரசு முழங்கிற்று. மின்வழங்கல் சீரமைப்புத் திட்டம் என்று பெயர் சூட்டினர். 3,03,758 கோடி ரூபாய் மதிப்புள்ள திட்டம். அதிலே ஒன்றிய அரசின் பங்கு 97,631 கோடி. நாடெங்கும் வீட்டிலும் கடையிலும் தொங்கிக்கொண்டிருக்கும் மீட்டர்களைக் கழற்றிவிட்டு, 25 கோடி 'ஸ்மார்ட் மீட்டர்' மாட்டுவது அத்திட்டத்தின் தலையாய வேலைகளுள் ஒன்று.

25 கோடி! ஒரே வீச்சில் இத்தனை மீட்டர் வாங்குகிறோம் என்று ஒரு நாடு கடை விரித்தால், உலகத்து வணிகர்கள் நாவில் நீர் ஊறாதா? ஊறிற்று. மீட்டர் செய்பவர் வந்தனர். மீட்டருக்குள் வைக்கும் சில்லு செய்பவர் வந்தனர். செய்தியை எடுத்துச் செல்லும் தொலைபேசி நிறுவனத்தார் வந்தனர். கணக்கைச் சேமித்து வைக்கும் கணிப்பொறிக்காரர் வந்தனர். இவர்கள் அனைவருக்கும் கடன் கொடுக்க வங்கிக்காரரும் வந்தனர். வராதவர் ஒருவர்தான். எவர் வீட்டுச் சுவரில் அந்த மீட்டர் தொங்கப்போகிறதோ, அவர்! அவரை எவரும் அழைக்கவுமில்லை, கேட்கவுமில்லை.

ஸ்மார்ட் என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் கெட்டிக்காரத்தனம் என்று பொருள். நல்ல சொல். ஆனால் கெட்டிக்காரன் எவன் பக்கம் நிற்கிறான் என்று தெரிந்துகொள்ளாமல் அவனை வீட்டுக்குள் விடுவது உண்டா, தோழர்களே?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். இயந்திரத்தைக் கண்டு மிரண்டோடுகிறவர்கள் அல்லர் நாம். மின்கட்டமைப்புக்கு அறிவு வேண்டும் என்பதிலே நமக்கு ஐயம் கிடையாது. மின்சாரம் நெல் அல்ல, குதிரில் கொட்டி வைக்க. உண்டாகும் நொடியிலேயே செலவாக வேண்டும். கூடினாலும் ஆபத்து, குறைந்தாலும் ஆபத்து. 2012 ஜூலை 30, 31 ஆகிய இரு நாட்களில் என்ன நடந்தது? வடபுலத்து மின்கட்டமைப்பு சரிந்தது. மறுநாள் கிழக்கும் வடகிழக்கும் அதனோடு சேர்ந்து சரிந்தன. 60 கோடிக்கு மேற்பட்ட மக்கள் வாழும் நிலப்பரப்பு இருளில் மூழ்கிற்று. ரயில்கள் நடுவழியில் நின்றன. சுரங்கத்துக்குள் இறங்கிய தொழிலாளர்கள் மேலே வரமுடியாமல் தவித்தனர். அன்று நாம் தப்பினோம். தென்னகத்தின் மின்கட்டமைப்பு அப்போது வடக்கோடு முழுமையாகப் பிணைக்கப்படவில்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் மின்பாதை வழியே பிணைத்தனர். அன்றிலிருந்து அங்கே தும்மினால் இங்கே சளி பிடிக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாயிலும் முப்பந்தலிலும் வைகாசி தொடங்கி ஆவணி வரையில் காற்று வீசித் தள்ளுகிறது. தமிழ்நாட்டின் காற்றாலைத் திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. நண்பகலிலே கதிரவன் தரும் மின்சாரம் குவிகிறது. மாலை ஆறு மணிக்குக் கதிரவன் கடையைக் கட்டிக்கொண்டு போய்விடுகிறான். அப்போதுதான் வீடுதோறும் விளக்கு எரிகிறது. வருவது எப்போது, போவது எங்கே, வழியிலே கசிவது எவ்வளவு என்பதை நொடிக்கு நொடி அறிந்துகொண்டால்தான் இந்தக் காற்றையும் வெயிலையும் வீணாக்காமல் ஆளமுடியும். ஆகவே அறிவு தேவை.

அந்த அறிவை முதலில் எங்கே வைப்பது? துணை மின்நிலையத்திலே வைக்கலாம். அங்கிருந்து புறப்படும் ஒவ்வொரு மின்பாதையின் தலைமாட்டிலும், தெருமுனை டிரான்ஸ்பார்மரிலும் வைக்கலாம். கோடிக்கணக்கில் மின்சாரம் குடிக்கும் பெருந்தொழிற்சாலைகளின் வாசலிலே வைக்கலாம். ஒரு டிரான்ஸ்பார்மருக்குள் 100 யூனிட் போகிறது. அதன்கீழுள்ள வீட்டு மீட்டர்கள் எல்லாம் சேர்ந்து 80 காட்டுகின்றன என்றால், 20 யூனிட் எந்தத் தெருவிலே தொலைந்தது என்று தோராயமாகச் சொல்லிவிடலாம். கம்பி பழசா, கொக்கி போட்டவன் உண்டா, கோளாறு மீட்டரிலா என்று அந்த ஒரு தெருவிலே போய்த் தேடலாம். இதைச் செய்யுங்கள் என்றால் நாம் கைதட்டி வரவேற்போம். அந்த வேலையும் திட்டத்தில் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஆரவாரமெல்லாம் எதற்கு? குடிசைச் சுவரில் மாட்டும் மீட்டருக்கு! அதுவும் வெறும் ஸ்மார்ட் மீட்டர் அல்ல, முன்பணம் கட்டும் ஸ்மார்ட் மீட்டர்!

இங்கேதான் சூது. அறிவும் முன்பணமும் வேறு வேறு சரக்கு. மீட்டர் தானே கணக்கெடுத்துத் தானே செய்தி அனுப்பலாம். அதற்காகப் பணத்தை முன்னதாகவே கட்டவேண்டும் என்ற அவசியம் ஏதுமில்லை. மாடு வாங்கினால் கன்று இனாம் என்பார்கள் சந்தையிலே. இந்தச் சந்தையில் மாட்டோடு சேர்த்துக் கட்டி விற்கப்பட்டது கன்று அல்ல, கழுத்துக் கயிறு!

நாம் பழகிய முறை என்ன? இரண்டு மாதம் விளக்கெரிக்கிறோம். ரீடிங் எடுக்க ஒருவர் வருகிறார், அட்டையிலே குறிக்கிறார். பிறகு பணம் கட்ட இருபது நாள். அஃதாவது, ஆலைத் தொழிலாளி தன் கூலி வருகிறவரையில் மின்வாரியம் அவனுக்குப் பொறுத்துக்கொள்கிறது. முன்பண முறையில் இது தலைகீழ். நாளை எரிக்கப்போகும் விளக்குக்கு இன்றே காசு. பொறுத்துக்கொண்டிருந்த வாரியம் வாங்கி வைத்துக்கொள்ளும் வாரியமாகிறது; கடன் பெற்றுவந்த ஏழை, கடன் கொடுக்கிறவனாகிறான்! பணக்காரனுக்கு இதிலே துன்பம் ஒன்றுமில்லை. ஆயிரமோ ஐயாயிரமோ ஒருமுறை கட்டிவிட்டு மறந்துவிடுவான். அன்றாடம் கூலி வாங்குகிறவன் அன்றாடம் ஐம்பதும் நூறுமாகக் கட்டிக்கொண்டு, மீட்டரில் எவ்வளவு மிச்சம் என்று சோற்றுப்பானையைப் பார்ப்பதுபோல் எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும்.

கட்டாவிட்டால்?

பழைய முறையிலும் கட்டாவிட்டால் துண்டிப்பார்கள்தான். பியூசைப் பிடுங்க ஒயர்மேன் வருவார். வாசலிலே வந்து நிற்பார். "அண்ணே, சனிக்கிழமை சம்பளம். திங்கக்கிழமை மொத வேலையா கட்டிடறேன், பொம்பளப் புள்ளைக்குப் பரீட்சை" என்று அம்மா சொல்வார். அவர் தலையைச் சொறிவார், அட்டையைப் பார்ப்பார், "திங்கக்கிழமை தாண்டாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். அவரும் நம்மைப்போல் ஒரு தொழிலாளி. அவர் வீட்டிலும் பரீட்சை எழுதும் பிள்ளை உண்டு. கெட்டிக்கார மீட்டருக்குள் ஒரு சிறு விசை இருக்கிறது. பணம் தீர்ந்தது என்று கணிப்பொறி சொன்னால், எங்கோ இருந்து வரும் ஒரு செய்தியிலே அது 'டக்'கென்று விழும். அதனிடம் எவர் கெஞ்சுவது? அதற்குத் தலை ஏது, சொறிவதற்கு?

இந்த ஒயர்மேனின் இரக்கத்தை மட்டும் நம்பி நாம் பேசவில்லை. சட்டமும் பேசுகிறது. 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின் 56ஆம் பிரிவு, பணம் கட்டாதவரின் இணைப்பைத் துண்டிக்கு முன் எழுத்து மூலம் முழுதாக 15 நாள் அறிவிப்புத் தரவேண்டும் என்று கூறுகிறது. பதினைந்து நாள்! கடன் வாங்கவோ, நகையை அடகு வைக்கவோ, தவறான கணக்கென்றால் எதிர்த்துக் கேட்கவோ ஏழைக்குக் கிடைத்த அவகாசம் அது. முன்பண மீட்டரில் அந்தப் பதினைந்து நாள் எங்கே போயிற்று? "பணம் தீரப்போகிறது என்று தொலைபேசிக்குச் செய்தி அனுப்புகிறோமே" என்கின்றனர். சில மாநிலங்களில் இரவிலும் விடுமுறை நாளிலும் துண்டிப்பதில்லை என்று ஏற்பாடும் செய்திருக்கின்றனர். நன்று. ஆனால் சட்டத்தில் எழுதியது உரிமை. கணிப்பொறியிலே போட்டுவைத்தது சலுகை. ஒன்றைப் பறித்துக்கொண்டு மற்றொன்றைக் கொடுப்பதற்குப் பெயர் முன்னேற்றமா?

அதே சட்டத்தின் 47ஆம் பிரிவின் 5ஆம் உட்பிரிவையும் தோழர்கள் குறித்துக்கொள்ள வேண்டும். முன்பண மீட்டர் வழியே மின்சாரம் பெற ஒருவர் ஆயத்தமாக இருந்தால், அவரிடம் வைப்புத்தொகை கேட்கக்கூடாது என்பது அதன் கருத்து. "ஆயத்தமாக இருந்தால்" என்றால் என்ன பொருள்? விரும்பினால் என்று பொருள். விருப்பம் வீட்டுக்காரருடையது என்று நாடாளுமன்றம் சட்டம் செய்தது. ஆனால் 2020 டிசம்பரில் ஒன்றிய மின்துறை வெளியிட்ட விதிகளோ, புதிய இணைப்பு என்றால் அது முன்பண மீட்டராகவே இருக்கவேண்டும், விலக்கு வேண்டுமானால் ஆணையத்திடம் கேள் என்றன. 2021 ஆகஸ்டில் மற்றோர் ஆணை: விவசாயம் நீங்கலாக எல்லா மீட்டரையும் மாற்று, சில இடங்களில் 2023 டிசம்பருக்குள், மற்ற இடங்களில் 2025 மார்ச்சுக்குள்! சட்டம் விருப்பம் என்றதை விதி கட்டாயம் என்றது. தாய் கொடுத்த சோற்றைத் தாதி பிடுங்கிய கதை. கெடு நாள் வந்தபோது 25 கோடியில் பாதியைக்கூட எட்டமுடியவில்லை என்பது வேறு கதை.

"மேல்நாடுகளைப் பாருங்கள்!" என்கிறார்கள் ஆங்கிலம் படித்த அறிஞர் பெருமக்கள். பார்ப்போமே! இத்தாலியிலே 2001இல் தொடங்கி ஐந்தாறு ஆண்டுகளில் 3 கோடி வீடுகளுக்குப் புது மீட்டர் மாட்டினர். கணக்கெடுக்கும் செலவு குறைந்தது, திருட்டு பிடிபட்டது. உண்மை. பாராட்டுகிறோம். நெதர்லாந்திலே 2009இல் என்ன நடந்தது? வீடுதோறும் கட்டாயமாக மாட்டும் சட்டத்தை அந்நாட்டு மேலவை ஏற்க மறுத்தது. கால்மணி நேரத்துக்கு ஒருமுறை கணக்கெடுக்கும் மீட்டர், அந்த வீட்டார் எப்போது விழித்தனர், எப்போது உறங்கினர், எப்போது வெளியூர் போயினர் என்பதையும் காட்டிக்கொடுக்கும் என்பதே காரணம்.

பிரிட்டனைப் பார்ப்போம். அங்கே மீட்டர் மாட்டும் வேலையை மின்சாரம் விற்கும் தனியார் நிறுவனங்களிடமே விட்டனர். முதல் தலைமுறை மீட்டர்கள், வீட்டார் வேறு நிறுவனத்துக்கு மாறியவுடன் ஊமையாயின. கெட்டிக்கார மீட்டர் ஒரே நாளில் அசட்டு மீட்டராயிற்று! அது சிரிக்கத்தக்க செய்தி. சிரிக்க முடியாத செய்தி 2023 பிப்ரவரியில் வெளிவந்தது. விலையேற்றத்தால் குளிர்காலத்தில் கட்டணம் கட்டமுடியாமல் திணறிய வீடுகளுக்குள், பிரிட்டிஷ் கேஸ் நிறுவனத்துக்காகக் கடன் வசூலிக்கும் ஆட்கள் பூட்டை உடைத்து நுழைந்து முன்பண மீட்டரை மாட்டியதை 'டைம்ஸ்' ஏடு அம்பலப்படுத்திற்று. நோயாளிகள் இருந்த வீடு, கைக்குழந்தை இருந்த வீடு என்றும் பார்க்கவில்லை. ஸ்மார்ட் மீட்டர் முன்பே மாட்டியிருந்த வீட்டிலோ பூட்டை உடைக்கும் தொல்லைகூட இல்லை. அலுவலகத்தில் அமர்ந்தபடியே முன்பண முறைக்கு மாற்றிவிடலாம். நாடே கொதித்தது. கட்டாயமாக மாட்டுவதை நிறுத்தச் சொன்னது அரசு அமைத்த கண்காணிப்பு அமைப்பு. 2023 ஏப்ரலில் வந்த நடைமுறை விதியில், 85 வயதைக் கடந்தோர் வீட்டில் கட்டாயமாக மாட்டக்கூடாது என்று எழுதினர். செல்வம் கொழிக்கும் பிரிட்டனிலேயே இந்த நிலை என்றால், வியாசர்பாடியிலும் திருப்பூரிலும் விருதுநகரிலும் என்ன ஆகும்?

இனிக் காசுக் கணக்குக்கு வருவோம். "மீட்டருக்கு நீங்கள் ஒரு காசும் தரவேண்டாம்" என்கின்றனர். கேட்க இனிக்கிறது. தனியார் நிறுவனம் தன் பணத்தைப் போட்டு மீட்டர் மாட்டும். ஏறத்தாழ பத்தாண்டுக் காலம் அதைப் பராமரிக்கும். மாதந்தோறும் மீட்டருக்கு இவ்வளவு என்று மின்வாரியத்திடம் பெற்றுக்கொள்ளும். மின்வாரியம் எங்கிருந்து கொடுக்கும்? நாம் கட்டும் கட்டணத்திலிருந்து! அதிலும் ஒரு நுணுக்கம். நாம் முன்பணம் கட்டியவுடன், அந்தப் பணம் விழும் கணக்கிலிருந்து முதலில் தன் பங்கை எடுத்துக்கொள்ளும் ஏற்பாட்டை ஒப்பந்தத்திலேயே எழுதிவைத்தனர். முதல் பந்தி ஒப்பந்தக்காரருக்கு. மின்சாரம் உற்பத்தி செய்தவனும், கம்பத்தில் ஏறி உயிரைப் பணயம் வைத்தவனும் அடுத்த பந்திக்குக் காத்திருக்க வேண்டும்.

டில்லி தரும் உதவி எவ்வளவு? மலைமாநிலங்கள் போன்றவற்றுக்குச் சற்றுக் கூடுதல். நம்மைப்போன்ற மாநிலங்களுக்கு மீட்டர் விலையில் 15 சதவீதம், அதுவும் 900 ரூபாய்க்கு மேல் போகாது. 6,000 ரூபாய் மீட்டருக்குத்தான் 900 ரூபாய் 15 சதவீதமாகும். உத்தரப் பிரதேசத்தில் நடந்ததைப் பாருங்கள். லக்னோவைத் தலைமையிடமாகக் கொண்ட மின்வழங்கல் நிறுவனம் மீட்டருக்கு ஏறத்தாழ 6,000 ரூபாய் என்று மதிப்பிட்டிருக்க, வந்த குறைந்த விலையே ஏறத்தாழ 10,000 ரூபாய். 2023 பிப்ரவரியில் அந்த ஒப்பந்தப்புள்ளியைத் தள்ளுபடி செய்தனர். 10,000 ரூபாய் மீட்டருக்கு 900 போக மீதி 9,100 ரூபாய் எவர் தலையில்? தமிழ்நாட்டிலும் சென்னை உள்ளிட்ட எட்டு மாவட்டங்களில் 82 லட்சத்துக்கு மேற்பட்ட மீட்டருக்கு வந்த விலைகளுள் அதானி நிறுவனம் குறித்ததே குறைந்த விலை; அதுவும் மிக அதிகம் என்று 2024 டிசம்பர் இறுதியில் ஒப்பந்தப்புள்ளி ரத்தாயிற்று. ரத்து செய்தது சரி. ஆனால் விலை குறைந்தால் மட்டும் போதுமா என்பதே நம் வினா. குறைந்த விலைக்கு வாங்கினாலும் கயிறு கயிறுதானே!

கேரளத்தில் மின்வாரியத் தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றன. 2023இல் அம்மாநில அரசு தனியாரிடம் பத்தாண்டு குத்தகைக்கு விடும் முறையை ஏற்காமல், வாரியமே வாங்கி நிறுவும் வழியைத் தேர்ந்தெடுத்தது. 2024 மே திங்களில் குஜராத்தின் வடோதராவில், போட்ட பணம் விரைவில் தீர்கிறது என்று பெண்கள் தெருவில் இறங்கினர். புது மீட்டருக்குப் பக்கத்திலே பழைய மீட்டரையும் வைத்துச் சரிபார்த்துக் காட்டுகிறோம் என்று அரசு இறங்கிவந்தது. அடுத்த மாதமே மகாராஷ்டிரத்தில், எளிய மக்களுக்கு முன்பண மீட்டர் இல்லை என்று துணை முதல்வராயிருந்த பட்னவிஸ் அறிவித்தார். 2025 ஜூனில் மேற்கு வங்கமும் வீடுகளுக்கு மாட்டுவதை நிறுத்தியது. ஆளுங்கட்சி எதுவென்று பார்த்து மக்கள் கொதிக்கவில்லை பாருங்கள்! மின்சாரம் பொதுப்பட்டியலில் உள்ள துறை. மாநிலமும் பேசலாம், மறுக்கலாம். டில்லி உதவித்தொகையைக் காட்டிப் பேசும். மாநிலம் மக்களைக் காட்டிப் பேசவேண்டும்.

கெட்டிக்கார மீட்டரின் இன்னொரு வேலையைச் சொல்லாவிட்டால் நம் கடமை நிறைவேறாது. நேரத்துக்கு ஒரு விலை! 2023 ஜூனில் வந்த விதித் திருத்தம், கதிரவன் காயும் எட்டு மணி நேரத்தில் கட்டணத்தை 20 சதவீதமாவது குறை, நெருக்கடி நேரத்தில் வீடுகளுக்கு 10 சதவீதமாவது கூட்டு, ஸ்மார்ட் மீட்டர் மாட்டிய வீட்டுக்கு உடனே இதைப் பொருத்து என்றது. பொருளாதார நூல்படி இது நியாயம்தான். பகலில் மலிவாகக் கிடைப்பதைப் பகலில் செலவிடு, மாலையில் சிக்கனமாக இரு!

ஆனால் பகலிலே நம் தொழிலாளி எங்கே இருக்கிறான்? பஞ்சாலையில், பட்டறையில், கட்டடச் சாரத்தின் மேலே. வீட்டிலே விலை மலிந்த மின்சாரம் ஓடும்போது வீடு பூட்டிக் கிடக்கிறது. அந்தி சாய்ந்து அவன் திரும்பி, விளக்கைப் போட்டு, விசிறியைச் சுழலவிட்டு, மனைவி மிக்சியிலே சட்னி அரைக்க உட்காரும் அந்த நேரம் பார்த்து விலை ஏறுகிறது! குளிர்பதன அறையும், துணி துவைக்கும் இயந்திரமும், மாடியிலே கதிரவன் பலகையும், மின்சாரத்தைச் சேர்த்துவைக்கும் பெட்டியும் உடைய மாளிகைவாசி, தன் செலவை நண்பகலுக்குத் தள்ளிவிட்டுத் தள்ளுபடி வாங்கிக்கொள்வான். நம்மவன் எதைத் தள்ளுவான்? இராத்திரி எட்டு மணிப் புழுக்கத்துக்குப் பகல் ஒரு மணிக்கே விசிறியைச் சுற்றவிட்டு வைத்துக்கொள்ள முடியுமா? நேர விலையை ஆலைக்கு வையுங்கள், அங்காடி மாளிகைக்கு வையுங்கள். அவர்களால் மாற்றிக்கொள்ள முடியும். ஒரு விசிறிக்கும் இரண்டு விளக்குக்கும் அதை வைப்பது கணக்காகாது.

ரீடிங் எடுத்த தொழிலாளியின் கதி என்ன? மீட்டர் தானே பேசும்போது அவர் வேலை போகும். இதையும் மறைக்காமல் பேசவேண்டும். கம்பத்திலே ஏற ஆளில்லை, புயல் வந்தால் ஒப்பந்தத் தொழிலாளியை ஊர்விட்டு ஊர் இழுத்துச் செல்கிறார்கள் என்ற நிலையிலே, கணக்கெடுத்தவருக்கு டிரான்ஸ்பார்மர் பராமரிப்பிலும் புது மீட்டர் பழுதுபார்ப்பதிலும் பயிற்சி தந்து வாரியத்திலேயே வைத்துக்கொள்ள முடியாதா? முடியும், வேலையை வெளியாருக்குக் குத்தகைக்கு விடாதிருந்தால். 1957 ஜூலை முதல் நாளன்று அமைந்த மின்வாரியம், கிராமம் கிராமமாகக் கம்பம் நட்டு விளக்கேற்றியது நம்மவர் தோளிலே சுமந்த கம்பத்தால்தான். அந்தத் தோள்களுக்குப் புதுக்கருவியைக் கையாளத் தெரியாதாம்! எவர் சொன்னது?

மின்கட்டணத்தை மாற்றுமுன் ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களின் கருத்தைக் கேட்கவேண்டும் என்று அதே 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் 64ஆம் பிரிவு சொல்கிறது. இத்தகைய விசாரணைகளுக்கு வழக்கமாக வருவோர் யார் தெரியுமா? ஆலை முதலாளிகள் சங்கத்தின் வழக்கறிஞர், காற்றாலை உடைமையாளர், விரல்விட்டு எண்ணத்தக்க சில நுகர்வோர் அமைப்பினர். குடிசையிலிருந்தும் தொழிலாளர் குடியிருப்பிலிருந்தும் வருவோர் மிகச் சிலரே. கிளைக்கழகத் தோழர்கள் இனி அந்த நாற்காலிகளை நிரப்பவேண்டும். மனுவைத் தமிழிலேயே எழுதுங்கள். நீண்ட மனு வேண்டாம். 47ஆம் பிரிவின்படி முன்பணம் எங்கள் விருப்பமா, உங்கள் கட்டாயமா? 56ஆம் பிரிவின் 15 நாள் அறிவிப்பை ஸ்மார்ட் மீட்டர் மாட்டிய வீட்டுக்கு எந்தத் தாளில் எழுதி, எவர் கையெழுத்தோடு தருவீர்கள்? இந்த இரண்டு வினாவை எழுதி, தெருவிலே உள்ளோரின் கையெழுத்தும் மின் இணைப்பு எண்ணும் வாங்கி, ஒரு படியை நம் அலுவலகத்துக்கும் அனுப்பிவையுங்கள். வருகிற விடையை இதே பக்கத்தில் வெளியிடுகிறோம்.